கையைத் தூக்கத்தான் எம்.பி.யா?

கேள்வி: கட்சித் தாவல், கவிழ்ப்பு, கூச்சல்... நாடாளுமன்ற ஆட்சிமுறையே நமக்கு ஒத்துவரவில்லையே. அமெரிக்காவைப் போல அதிபர் ஆட்சிக்கு மாறினால் என்ன?

பதில்: கூச்சலை விட எனக்குப் பெரிய கவலை, அங்கே நிலவும் மௌனம்தான். அரசைக் கேள்வி கேட்க வேண்டிய சபையின் பெரும்பான்மையை வைத்தே அரசு அமைகிறது. சொந்தக் கட்சி அமைச்சரை எந்த எம்.பி. குடைந்து கேட்பார்? 2018 மார்ச்சில் 24 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் மக்களவை நிறைவேற்றியது. ஆளும் வரிசையிலிருந்து ஒருவர்கூட "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லவில்லை.

சொல்ல முடியாதபடி கட்டிப்போட்டது 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். 1967-இல் ஹரியானாவின் கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். அப்படிப்பட்டவர்களைத் தடுக்கச் சட்டம் தேவைதான். ஆனால் இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால், விலை போனவருக்கும் மனசாட்சிப்படி வாக்களித்தவருக்கும் ஒரே தண்டனை: பதவி போகும்.

அதையாவது ஒரே அளவுகோலில் செய்கிறார்களா? நம் தமிழ்நாட்டுச் சட்டசபையையே பாருங்கள். 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் முதல்வருக்கு எதிராக வாக்களித்த ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் 11 பேரின் பதவி நிலைத்தது. முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதே கட்சியின் 18 பேரை அதே ஆண்டு செப்டம்பரில் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். அப்புறம் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஆண்டிபட்டிக்காரருக்கும் பெரம்பூர்க்காரருக்கும் குடிநீர் வரவில்லை என்று மனு கொடுக்க எம்.எல்.ஏ. கிடையாது. அந்தத் தொகுதி மக்கள் செய்த தவறு என்ன?

சரி, அதிபர் ஆட்சி வந்தால் தீருமா? அமெரிக்காவில் அதிபரும் காங்கிரஸும் (அந்நாட்டு நாடாளுமன்றம்) முட்டிக்கொண்டதில் 2018 டிசம்பர் முதல் 35 நாள் அரசு ஊழியர்கள் லட்சக்கணக்கானோர் சம்பளமில்லாமல் தவித்தார்கள். பிரிட்டனில் நடப்பதும் நாடாளுமன்ற ஆட்சிதான். 2019 ஜனவரியில் பிரதமர் தெரசா மேயின் பிரெக்சிட் ஒப்பந்தத்தை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் ஒப்பந்தத்தை, அவர் கட்சியினரே 118 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அதற்காக ஒருவர் பதவியும் போகவில்லை.

ஆட்சிமுறையை மாற்ற வேண்டாம், கொறடாவின் கையைக் கட்டினால் போதும். நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா போன்ற சிலவற்றில் மட்டும் அந்த உத்தரவு செல்லட்டும். தகுதிநீக்கத்தைச் சபாநாயகரிடம் விடாமல் தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவு செய்யட்டும் என்று தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொல்லிவிட்டது. உங்கள் தொகுதிக்கு வாக்கு கேட்டு வருகிறவரிடம், இதை ஆதரிப்பாரா என்று கேளுங்கள்.