சட்டம் மாறிய பிறகும் அந்தப் பையன் ஏன் சாக வேண்டும்?

கேள்வி: ஜாக்குலின் உட்ஸன் எழுதிய ‘இஃப் யூ கம் சாஃப்ட்லி’ நாவலைப் படித்துவிட்டு என் பதினைந்து வயது மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்ள இருந்த தடை அமெரிக்காவில் 1967-லேயே போய்விட்டதே, 1998-ல் வந்த கதையில் அந்தப் பையனை எதற்குச் சாகடிக்க வேண்டும்? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: தடை போனது உண்மைதான். வர்ஜீனியாவில் ரிச்சர்ட், மில்ட்ரெட் லவ்விங் தம்பதியை 1958-ல் நடுராத்திரி வீடு புகுந்து கைது செய்தார்கள், கல்யாணம் செய்துகொண்டதுதான் குற்றம். அவர்கள் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், 16 மாநிலங்களில் அப்போதும் இருந்த சட்டங்களைச் செல்லாது என்றது. ஆனால் அலபாமா தன் அரசியல் சாசனத்திலிருந்து அந்தத் தடையை நீக்கியது 2000-ல், அதுவும் வாக்கெடுப்பு வைத்து, அப்போதும் நூற்றுக்கு நாற்பது பேர் நீக்க வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். நாவல் வெளிவந்து இரண்டு வருஷம் கழித்து!

இந்தக் கதையில் வில்லன் என்று யாரும் கிடையாது, அதுதான் என்னை உலுக்கியது. நாயகன் மையா, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளரும் கறுப்பினப் பையன், அப்பா சினிமா இயக்குநர், அம்மா எழுத்தாளர். அவன் காதலிக்கும் எல்லி வெள்ளைக்காரப் பெண், யூத டாக்டர் வீட்டுப் பிள்ளை. எல்லியின் அக்கா இன்னொரு பெண்ணோடு வாழ்கிறவள், ஊரின் பேச்சு எப்படிச் சுடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன, அவளே தங்கை காதலிப்பது கறுப்பினப் பையனை என்று கேட்டதும் தயங்குகிறாள். நல்லவர்களின் அந்தத் தயக்கத்தை உட்ஸன் எழுதியிருக்கிற மாதிரி நான் அதிகம் படித்ததில்லை.

அப்புறம் அந்தச் சாவு. வெள்ளையர்கள் வசிக்கிற பகுதியில் ஓடாதே என்று மையாவுக்குச் சின்ன வயதிலேயே அப்பா சொல்லிவைத்திருக்கிறார். காதலிக்கிற சந்தோஷத்தில் சென்ட்ரல் பார்க்கில் ஓடுகிறான், வேறு யாரையோ தேடி வந்த போலீஸ் சுடுகிறது. சட்டப் புத்தகத்திலிருந்து தடையை எடுத்த பிறகும் அந்த அப்பா மகனுக்கு இப்படியொரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருந்ததே, உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. மையாவைப் பிழைக்க வைத்திருந்தால் அது பொய்யாகப் போயிருக்கும்.

மகள் அழட்டும், தடுக்காதீர்கள். நீங்களும் அதைப் படித்துவிட்டு அவளோடு பேசுங்கள். மையா போன பிறகு மிச்சமிருப்பவர்களின் கதையை ‘பிஹைண்ட் யூ’ என்று 2004-ல் உட்ஸன் எழுதினார், அதையும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: இதே விஷயத்தில் வேறு நாவல்? – ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மலோரி பிளாக்மேன் 2001-ல் எழுதிய ‘நாட்ஸ் அண்ட் கிராஸஸ்’. அங்கே அதிகாரம் கறுப்பர்கள் கையில், ஒடுக்கப்படுவது வெள்ளையர்கள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்கூடப் பழுப்பு நிறத்தில்தான் கிடைக்கும், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் நெற்றியில் அது துருத்திக்கொண்டு தெரியும். வன்முறை சற்று அதிகம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம்.