மசாலா டப்பாவின் உறவினர் விண்வெளியில்

கேள்வி: பிரியாணிக்குப் போடும் கல்பாசியின் இனம் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பியதாம். பேத்தி சொல்கிறாள். நிஜமா ஐயா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: நிஜம்தான் அம்மா. கல்பாசி, பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன் என்ற உயிரினத்தைச் சேர்ந்தது. போனது நம் கல்பாசி அல்ல, அதன் உறவுக்கார லைக்கன்கள். 2005-இல் ஃபோட்டான்-எம்2 என்ற ரஷ்ய விண்கலத்தில் இரண்டு வகைகளை அனுப்பினார்கள். மேலே போனதும் பெட்டியின் மூடி திறந்தது. காற்றே இல்லை, வடிகட்டாத புற ஊதாக் கதிர் வேறு. ஏறத்தாழ 15 நாள்! திரும்பி வந்தபின் ஈரப்படுத்தினால், ஒரே நாளில் பழையபடி ஒளிச்சேர்க்கை.

எப்படி? கொடைக்கானலில் தாவரவியல் வாத்தியாராக இருந்த காலத்தில், மார்ச் மாதம் பிள்ளைகளைப் பாறைக்கு அழைத்துப் போவேன். அங்கே சாம்பல் நிற லைக்கன் திட்டுகள் தொட்டால் அப்பளமாய் நொறுங்கும். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் கொஞ்சம் தெளிக்கச் சொல்வேன். சில நிமிடத்தில் பச்சை தட்டும். "சார், செத்துப்போகலையா!" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். காய்ந்ததும் உள்ளே எல்லா வேலையும் நின்றுவிடும். விண்வெளியில் அது வளரவில்லை அம்மா, இந்த உறக்கத்தில்தான் கிடந்தது. பூஞ்சையின் தடித்த மேல்தோல் பாசிக்குக் குடை. அனுப்பியவற்றில் சாந்தோரியா எலிகன்ஸ் என்ற செம்மஞ்சள் வகைக்கு அதன் நிறமியே கதிரைத் தடுக்கும். பின்னர் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் ஒன்றரை ஆண்டு இருந்தும் அது பிழைத்தது.

பேத்தியிடம் சொல்லுங்கள்: தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் பட்டையிலும் லைக்கன் இருக்கும். சுரண்ட வேண்டாம், தண்ணீர் மட்டும் தெளித்துப் பார்க்கட்டும்.