இழுப்பு உள்ள பிள்ளையோட பேக்கர்ஸ்ஃபீல்டா, ஹூஸ்டனா?

தங்கச்சி, உன் கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். குலசேகரத்துக்காரி, நர்ஸ், அமெரிக்காவுல நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை பாஸ் ஆயாச்சு. கையில ரெண்டு ஆஃபர்: கலிஃபோர்னியாவுல பேக்கர்ஸ்ஃபீல்டு, டெக்சஸ்ல ஹூஸ்டன். ஆறு வயசுப் பையனுக்கு வீசிங். "கலிஃபோர்னியா லிபரல் ஸ்டேட், சட்டம் கடுமை, காத்து சுத்தமா இருக்கும். டெக்சஸ் கன்சர்வேடிவ், கம்பெனிக்காரன் வச்சதுதான் சட்டம், பிள்ளைக்கு மூச்சு முட்டும்"னு வீட்டுக்காரரோட ஃபிரண்டு சொன்னாராம். அது உண்மையாக்கான்னு கேட்டிருக்க.

நான் அந்த ரெண்டு ஊர்லயும் குடித்தனம் நடத்தினவ. பேக்கர்ஸ்ஃபீல்டுல ஒன்பது வருஷம், அப்புறம் இதுவரைக்கும் ஹூஸ்டன். இப்போ லீவுல வந்து தக்கலை வீட்டுத் திண்ணையில இருந்துதான் எழுதுறேன். உன் பிள்ளைக்கு ஹூஸ்டன்தான் நல்லது, அதுவும் ஊருக்கு மேற்குப் பக்கம். ஃபிரண்டு சொன்னதுல பாதி சரி. அந்தப் பாதியை நம்பி நான் ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தாச்சு.

2004-ல என்னை அனுப்பின ஏஜென்ட்டு, "கலிஃபோர்னியாக்கா, கடல் காத்து, உங்க கொல்லங்கோடு மாதிரி"ன்னான். போய் இறங்கினா கடலுக்கும் அந்த ஊருக்கும் நடுவுல ஒரு மலைத்தொடர் நிக்குது. கிழக்கே சியரா நெவாடா, தெற்கே தெஹச்சபி மலை. நம்ம வீட்டு உருளிக்குள்ள ஊரை வச்ச மாதிரி. தெஹச்சபி கணவாயில நம்ம முப்பந்தல் மாதிரியே காத்தாடி வரிசையா சுத்தும், பாத்ததும் எனக்கு ஆரல்வாய்மொழி ஞாபகம்தான் வந்துது. ஆனா அந்தக் கணவாய் ஆயிரம் மீட்டருக்கு மேல உசரம். குளிர்காலத்துல கனத்த குளிர்காத்து அவ்வளவு உசரம் ஏறாது. தரையோட படுத்துக்கிடும், மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி உக்காந்துக்கிடும். உள்ள இருக்கிற லாரிப் புகை, எண்ணெய்க் கிணத்துப் புகை, மாட்டுப் பண்ணை, வயல் தூசி எல்லாம் நாள்கணக்கா அதுக்குள்ளேயே கிடந்து வேகும். மழை பெஞ்ச மறுநாள்தான் கிழக்கே மலை இருக்கிறதே கண்ணுக்குத் தெரியும்.

ஆகஸ்ட்லேருந்து அக்டோபர் வரைக்கும் பாதாம் அறுவடை. ஒரு மெஷின் மரத்தைப் பிடிச்சு உலுக்கும், இன்னொண்ணு தரையில விழுந்ததைப் பெருக்கிக் கூட்டும். அந்தப் புழுதி எழும்பறதை நீ பாக்கணும். காலையில ஜன்னல் கட்டையைத் துடைச்சா டிஷ்யூ காப்பிப்பொடி நிறத்துல வரும். மத்தியானம் அதே நிறம் திரும்பவும். அந்த மண்ணுல ஒரு பூஞ்சைக் காளானும் உண்டு, மூச்சு வழியா உள்ள போனா 'வேலி ஃபீவர்'னு ஒரு நுரையீரல் காய்ச்சல் வரும். நீ அங்க வேலைக்குச் சேர்ந்தா வார்டுல முதல் மாசமே பாத்திருவ.

என் மகன் படிச்ச ஸ்கூல்ல கொடிக்கம்பத்துல தினமும் காத்துக்கு ஒரு கொடி ஏத்துவாங்க. பச்சைன்னா ஓடி விளையாடலாம். ஆரஞ்சுன்னா வீசிங் உள்ள பிள்ளைகள் உள்ள இருக்கணும். சிவப்புன்னா எல்லாரும் உள்ள. கார்ல வரும்போதே அவன் கண்ணு கம்பத்து மேலதான் இருக்கும். ஆரஞ்சைப் பாத்தா பையில இன்ஹேலர் இருக்கான்னு தடவிப் பாப்பான், ஒரு வார்த்தை பேசமாட்டான். அவனுக்கு அப்போ ஏழு வயசு.

இது நடந்தது அமெரிக்காவுலேயே காத்துக்குக் கடுமையா சட்டம் போடுற மாநிலத்துல. சட்டம் பொய்யில்ல. குளிர்காலத்துல மோசமான நாள்ல வீட்டு அடுப்புல விறகு எரிச்சா அபராதம் உண்டு. 2010-க்கு முந்தின இன்ஜின் வச்ச டீசல் லாரி 2023-லேருந்து அங்க ரோட்டுல ஓடக்கூடாது. இதெல்லாம் இல்லைன்னா நிலைமை இன்னும் கேவலமா இருந்திருக்கும். ஆனா உருளியை எந்த சட்டசபையும் நிமித்த முடியாது கேட்டியா.

அடுத்த வேடிக்கை, அந்த லிபரல் மாநிலத்துக்குள்ள பேக்கர்ஸ்ஃபீல்டு இருக்கிற கெர்ன் கவுண்டி (நம்ம ஜில்லா மாதிரி) கன்சர்வேடிவ் கட்சியான ரிப்பப்ளிகனுக்கு ஓட்டுப் போடற ஊர். எண்ணெயும் விவசாயமும்தான் அங்க சோறு. ஹூஸ்டன் அப்படியே தலைகீழ். மாநிலம் ரிப்பப்ளிகன், ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டி லிபரல் கட்சியான டெமாக்ரட். அப்போ எதை நீலம்னு சொல்லுவ, எதைச் சிவப்புன்னு சொல்லுவ? (நமக்குச் சிவப்புன்னா விளவங்கோட்டுல அரிவாள் சுத்தியல் கொடி. அங்க சிவப்புன்னா கன்சர்வேடிவ், நீலம்னா லிபரல். வந்த புதுசுல தேர்தல் மேப்பைப் பாத்து நான் நல்லாவே குழம்பினேன்.)

இனி ஃபிரண்டு சொன்னதுல சரியான பாதி. ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஷிப் சேனல்னு ஒரு கால்வாய். ரெண்டு கரையிலயும் ரிஃபைனரி, ரசாயன ஆலை. பாசடீனா பக்கம் போனா காருக்குள்ளேயே அழுகின முட்டை வாசம் வரும். எந்த இடத்துல வீடு, எந்த இடத்துல ஆலைன்னு பிரிக்கிற நில மண்டலச் சட்டமே ஹூஸ்டன் நகரத்துல கிடையாது. அதனால வேலிக்கு இந்தப் பக்கம் ஊஞ்சல், அந்தப் பக்கம் டேங்க். 2019 மார்ச்ல டீர் பார்க்ல டேங்குகள் தீப்பிடிச்சு நாள்கணக்கா எரிஞ்சுது. கறுப்புப் புகை எங்க பக்கம் ஆகாசத்துலயும் கோடு போட்ட மாதிரி வந்துது. நகராட்சி தானா கொஞ்சம் கடுமையான காத்து விதி கொண்டுவந்துச்சு. 2016-ல டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதுன்னுட்டுது, அந்த அதிகாரம் மாநிலத்துக்குத்தானாம். ஆக, யார் ஆட்சின்னு பாக்கறதுக்கு அர்த்தம் உண்டு. அபராதம் போடறது, பர்மிட் குடுக்கறது, காத்தை அளக்கிற மானி வைக்கிறது எல்லாம் அதுலதான் இருக்கு.

ஆனா அந்த நாத்தம் பத்துப் பதினஞ்சு மைல்ல மாறிடும். கடல்காத்து பெரும்பாலும் தென்கிழக்கிலேருந்து வீசும். நிலம் சப்பட்டை, காத்தைத் தடுக்க ஒரு மலை கிடையாது. மேற்கே கேட்டி, தென்மேற்கே சுகர்லாண்ட் பக்கம் வீடு எடுத்தா ரிஃபைனரிக்கும் உனக்கும் நடுவுல முழு நகரமே இருக்கும். வெயில் நாள்ல தரையோட ஓசோன் வாயு ஏறும், மூச்சுக்கு ஆகாது, அது உண்மை. அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளையை வெளியே விடாத.

கணக்கு வேணும்னா, பிஎம் 2.5 நுண்தூசிக்கு வருஷ சராசரி ஒரு கன மீட்டர் காத்துல 9 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு 2024-ல அமெரிக்கா வரம்பை இறக்கினது. நம்ம நாட்டு வரம்பு 40. ஹூஸ்டனும் அந்த 9-ஐத் தாண்டும். பேக்கர்ஸ்ஃபீல்டு அதைவிட ரொம்பவே தாண்டும், அமெரிக்காவுலேயே மோசமான ஊர்கள் பட்டியல்ல வருஷா வருஷம் உச்சியில அதோட பேர் உண்டு. அதே பட்டியலோட சுத்தமான பக்கத்துல வயோமிங்ல கேஸ்பர் வரும், ஹவாய்ல ஹொனலுலுவும் வரும். முதல் ஊர் தீவிர கன்சர்வேடிவ், ரெண்டாவது தீவிர லிபரல். ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது காத்து மட்டும்தான். வயோமிங்தான் அமெரிக்காவுலேயே அதிக நிலக்கரி வெட்டுற மாநிலம், தலைக்கு இவ்வளவுன்னு கார்பன் கணக்குப் போட்டா முதல் இடம். ஆனா அங்க பிள்ளைக்கு மூச்சு நல்லா வரும். கார்பன் கணக்கு வேற, மூக்குல போற தூசி வேற. இந்த ரெண்டையும் சேத்துக் குழப்பித்தான் கட்சிக்காரங்க சண்டை போடறாங்க. அந்தக் கட்சி வரலாறும் நேர்கோடா இல்ல. கலிஃபோர்னியாவோட காத்து வாரியம் 1967-ல ரீகன் கவர்னரா இருந்தப்ப வந்தது. நாடு முழுக்கச் சுத்தக் காத்துச் சட்டத்துல 1970-ல கையெழுத்துப் போட்டது நிக்சன். ரெண்டு பேரும் ரிப்பப்ளிகன்.

எழுதிட்டிருக்கும்போதே ரோட்டுல ஒரு டாரஸ் லாரி போச்சு. பாறைக்கல் லோடு, மேல தார்ப்பாய் பேருக்கு மூடியிருக்கு. களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குப் போகுது. அம்மா எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்தினா. சவத்து லாரி, ராத்திரி பூரா இதே வேலை. அந்தப் பக்கம் மலையைத் தொட விடாம எதிர்ப்பு பலமா இருக்கு, அதனால கல்லு நம்ம மலையிலேருந்து போகுது. திரும்பி வர்றப்போ கோழிக்கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் வருது. 2024 டிசம்பர்ல திருநெல்வேலிப் பக்கம் கொட்டினதைப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு கேரளமே வந்து அள்ளிட்டுப் போச்சு. அப்போ அங்க ஆண்டவங்களும் இங்க ஆண்டவங்களும் தமிழ்நாட்டுத் தேர்தல்ல கூட்டணி. லாரிக்கு அது தெரியாது.

அமெரிக்காவுலயும் இதே கதை உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் வீடுகள்ல லைட்டு எரிய 1986-லேருந்து ரொம்ப வருஷம் கரண்டு குடுத்ததுல ஒண்ணு, நெவாடாவுக்கு அந்தப் பக்கம் யூட்டா மாநிலத்துல டெல்டாங்கிற ஊர்ப்பக்கம் நிலக்கரி எரிச்ச மின்நிலையம். கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் கம்பி. கரண்டு லிபரல் ஊருக்கு, புகைக்குழாய் கன்சர்வேடிவ் ஊர்ல. ஒரு ஊர் சுத்தமா இருக்குன்னு சொன்னா, அதோட குப்பை எங்க போகுதுன்னும் நான் இப்போ கேட்டுப் பாக்கறது உண்டு.

சரி, உன் காரியத்துக்கு வாறேன். கையெழுத்துப் போடறதுக்கு முந்தி காத்துத் தரத்தை அமெரிக்க அரசு போடற ஏர்நவ் தளத்துல ரெண்டு ஊரோட பின்கோடையும் போட்டு ஒரு மாசம் தினமும் பாரு. காத்துத் தர எண் (ஏக்யூஐ) நூறுக்கு மேல எத்தனை நாள் போகுதுன்னு காலண்டர்ல குறிச்சு வை. வீடு ஃப்ரீவேயிலேருந்து குறைஞ்சது 500 அடி தள்ளி இருக்கணும், ஹூஸ்டனா இருந்தாலும் இது பொருந்தும். ஏசிக்கு நுண்தூசியைப் பிடிக்கிற மெர்வ் 13 தர ஃபில்டர் போடலாமான்னு அப்பார்ட்மென்ட் ஆஃபீஸ்ல கேளு. 2017-ல ஹார்வி புயல் வெள்ளம் ஏறின கட்டடமான்னும் கேளு. ஈரச் சுவர்ல பூஞ்சை பிடிச்சா வெளிக்காத்து எவ்வளவு நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல, இழுப்பு வந்திரும். பாத்ரூம் மேற்கூரை ஓரத்தையும் சிங்க்குக்கு அடியிலயும் டார்ச் அடிச்சு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. கூச்சப்படாத, அங்க எல்லாரும் கேப்பாங்க.

பேக்கர்ஸ்ஃபீல்டுல மணிக்குச் சம்பளம் கூடுதல்னு எழுதியிருக்க. டெக்சஸ்ல மாநில வருமான வரி கிடையாது, அதையும் கழிச்சுப் பாரு. காண்ட்ராக்ட்ல பாதியில விட்டா எவ்வளவு கட்டணும்னு இருக்கான்னு கடைசிப் பக்கம் வரைக்கும் படி. எனக்கு இருந்துது, அதனாலதான் பிள்ளை இருமிக்கிட்டே கிடந்தும் ரெண்டு வருஷம் கூடுதலா அங்கேயே கிடந்தேன்.

நெபுலைசரை இங்கேருந்து தூக்கிட்டுப் போகாத, அங்க கரண்டு 120 வோல்ட், ஓடாது. பையனோட டாக்டர்கிட்ட மருந்துப் பேரை பிராண்டு இல்லாம ஜெனரிக் பேர்ல எழுதி வாங்கி வச்சுக்க. முதல் ரெண்டு மாசத்துக்கு இன்ஹேலர் கையில இருக்கட்டும், இன்ஷூரன்ஸ் கார்டு வர்ற வரைக்கும் அங்க அது யானை விலை.