பேனரில் மாண்புமிகு, கடைக்குள் அந்தாளு

"உங்கள் நாட்டில் மக்கள் தங்கள் அரசியல் தலைவர்களை மதிக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாடு முழுவதற்கும் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு ஞானம் கிடையாது. விருதுநகரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் 2009 முதல் 2019 வரை டிசைனராக இருந்தேன். தலைவர்களுக்குக் காட்டும் மரியாதையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை போட்டு விற்ற தொழில் அது. அங்கே உட்கார்ந்து கண்டதையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

கட்சி பேனருக்கு ஓர் இலக்கணம் உண்டு. மேலே வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்களில் மறைந்த தலைவர்கள். அதற்குக் கீழே இப்போதைய தலைவர், கொஞ்சம் பெரிதாக. அவருக்குப் பக்கத்தில் மாவட்டச் செயலாளர், அவர் அளவுக்குக் குறையாமல். கீழே ஒன்றியம், நகரம், வட்டம், கிளை என்று ரேஷன் கார்டு மாதிரி தலைகள். வலது ஓரத்தில், எல்லோரையும் விடப் பெரிதாக, வெள்ளைச் சட்டையில், காதில் செல்போனோடு ஓர் ஆள் நிற்பார். பேனருக்குக் காசு கொடுப்பவர் அவர்தான். "என்னண்ணே, தலைவரை விட நீங்க பெருசாத் தெரியுறீங்களே" என்று ஒருவரிடம் கேட்டேன். "அவரை ஊருக்கே தெரியும் தம்பி. என்னையத்தான ஒருத்தனுக்கும் தெரியல" என்றார். நியாயம்தானே.

வெறும் பெயரை அச்சடிக்கவே கூடாது. மாண்புமிகு வேண்டும், கழகம் வேண்டும், காவலர், வள்ளல், சிங்கம், சூரியன் ஏதாவது ஒன்று முன்னால் வர வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் ஒரு மந்திரி பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' விட்டுப்போயிற்று. இருபதுக்குப் பத்து பேனர். முழுசாகத் திரும்ப அடித்துக் கொடுத்தோம், காசு எங்கள் தலையில். அன்றைக்கு என்னை அந்தத் திட்டுத் திட்டியவரே, பில் கொடுக்கும்போது முதலாளியிடம் மெல்லக் குனிந்து சொன்னது இது: "பாதியை இப்ப வச்சுக்கங்கண்ணே. மீதிக்கு அந்தாளுகிட்டத்தான் கேக்கணும். குடுக்க மாட்டான், கஞ்சப்பய." மீதி இன்றுவரை வரவில்லை. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், பாக்கி நோட்டில் எல்லாக் கொடியும் இருந்தது.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் இன்னொருவரை மதிக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நேர்காணல், கருத்துக்கணிப்பு எதுவும் வேண்டாம். வினை எப்படி முடிகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டால் போதும். 'வந்தாரு'வா, 'வந்தாங்க'ளா, 'வந்தான்'ஆ. மேடையில் எல்லோருக்கும் 'அவர்கள்'தான். மைக்கை அணைத்த பிறகு வாயில் வருவதுதான் கணக்கு. பத்து வருஷத்தில் நான் கேட்ட வரையில், உயிரோடும் பதவியோடும் இருந்த தலைவர்களுக்குத் தனியாகப் பேசும்போதும் 'ஆர்' விகுதி போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 'அவன்' என்றாலே அவமரியாதை என்று எடுத்துக்கொள்ள முடியாது. முருகனையே 'அவன்' என்கிற ஊர் இது. என் அப்பத்தா கடைசி வரை ரெட்டை இலைக்குத்தான் குத்தினாள். ரேஷன் கடையில் புழுத்த அரிசி போட்டால், "எம்சியாரு இருந்தா இப்பிடி விடுவானா" என்பாள். அந்த 'விடுவானா'வில் இருந்த உரிமையை எந்த மாண்புமிகுவும் தொட முடியாது. அது மரியாதை கூட இல்லை. பெற்ற பிள்ளைமேல் வைக்கிற பாசம் மாதிரி ஒன்று. வெளியூர்க்காரர்கள் நம் ஊர்த் தலைவர்களைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்.

பதவிக்குக் காட்டும் மரியாதை எவ்வளவு சீக்கிரம் இடம் மாறும் என்பதை எழுபத்து மூன்று நாளில் பார்த்தேன். 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார். அன்று இரவோடு இரவாக ஓ. பன்னீர்செல்வம் முதல்வர். டிசம்பர் கடைசியில் சசிகலா பொதுச்செயலாளர். 2017 பிப்ரவரி 5 அன்று பன்னீர்செல்வம் ராஜினாமா, சசிகலாதான் அடுத்த முதல்வர் என்றார்கள். 14 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து அவர் சிறைக்குப் போக, 16 அன்று எடப்பாடி பழனிசாமி பதவியேற்றார். ஃபோட்டோஷாப்பில் வேலை செய்தவர்களுக்குப் புரியும்: அதே ஃபைல், அதே பின்னணி, அதே வாசகம், முகம் இருக்கும் லேயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தேன். 'தியாகத்தின் திருவுருவே' என்ற வரியை மூன்று பேருக்கும் போட்டிருக்கிறேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு கட்சியைச் சொல்லிக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. வேறு கட்சியில் அப்படி ஒரு எழுபத்து மூன்று நாள் வந்திருந்தாலும் எனக்கு அதே வேலைதான் இருந்திருக்கும்.

அதே 2017-ல் அக்டோபர் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. முதலாளி பயந்துபோனார். நான் நினைத்தேன், சரி, தலைவர்களில் பாதிப் பேர் மறைந்தவர்கள்தானே, அவர்களுக்கு வைப்பார்கள் என்று. ஆர்டர் கொடுக்க வருகிறவர் விவரத்தைக் கேட்பார். "அப்ப என் படம்?" என்பார். "நீங்க உயிரோட இருக்கீங்களேண்ணே." அவ்வளவுதான், போய்விடுவார். அந்தக் கொஞ்ச நாள் கடையில் ஈ ஓட்டினோம். மறைந்த தலைவர்மேல் வைத்த பக்தி, கீழே தன் படம் இல்லை என்றதும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சரி, பேனர் சமாச்சாரம் போதும். மரியாதையை மிரட்டி வாங்க முடியுமா என்று பார்த்தவர்களும் நம் ஊரில் உண்டு. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்டால், ஒருவர் பிக்பாக்கெட் மாதிரி, இன்னொருவர் முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பதை வைத்து அடையாளம் சொல்கிற ஜோக். சட்டமன்றம் அதை உரிமை மீறல் என்று எடுத்துக்கொண்டு ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவர் நீதிமன்றம் போய் ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். சும்மா விட்டிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருக்க வேண்டிய ஜோக். இன்றைக்கும் பேசுகிறோம்.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: ஓட்டுப் போடுவதுதான் மதிப்பா? இங்கேதான் விருதுநகர்க்காரனாக நான் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கிறது. வெளியூரில் ஊர்ப்பேரைச் சொன்னால் போதும். "காமராஜரையே தோக்கடிச்ச ஊர்க்காரங்கதானே" என்பார்கள். கல்லூரியில், மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், ரயிலில் எல்லாம் கேட்டாயிற்று. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தது இது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டவர். பதவியைத் தானாகவே விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போனவர். நேருவுக்குப் பிறகு சாஸ்திரியையும், அவருக்குப் பிறகு இந்திராவையும் பிரதமராக்கியதில் முக்கியக் கை அவருடையது. அப்பேர்ப்பட்டவர் 1967-ல் சொந்த ஊரில் பெ. சீனிவாசன் என்ற திமுக மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அந்தத் தேர்தலில் அவர் மட்டும் தோற்கவில்லை. முதல்வராக இருந்த பக்தவத்சலமும் தோற்றார், ஆட்சியே போயிற்று. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு, அதோடு அரிசிப் பஞ்சம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று திமுக சொன்னது. இரண்டு வருஷத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார் என்பது வேறு கதை. எங்கள் ஊருக்கு வந்த பெயர் வந்ததுதான்.

ஆனால் இது விருதுநகருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1962-ல் காஞ்சிபுரத்துக்காரர்கள் அண்ணாவையே தோற்கடித்திருக்கிறார்கள். அந்தத் தேர்தலில் அவர் கட்சி ஐம்பது இடம் ஜெயித்தது, அவர் மட்டும் சொந்த ஊரில் காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியாரிடம் தோற்றார். ஏழு வருஷம் கழித்து, 1969 பிப்ரவரியில், அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. எப்படி எண்ணினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணுவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்ட வரையில் எந்தக் கட்சிக்காரரும் 'ஐயா' சேர்க்காமல் அவர் பெயரைச் சொன்னதில்லை. மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 'ஆர்' விகுதி. 1999-ல் கோவையில் நாடாளுமன்றத்துக்கு நின்றார், தோற்றார். 2022-ல் தமிழக அரசு 'தகைசால் தமிழர்' விருதோடு கொடுத்த பத்து லட்சத்தோடு கையிலிருந்த ஐயாயிரத்தையும் சேர்த்து முதல்வர் நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம், ஓட்டை வேறு எங்கோ குத்துகிறோம். இதை இரட்டை வேடம் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்பதை ஒரு பெரியவர்தான் எனக்குச் சொன்னார்.

ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள் என்றால் எங்கள் கடையில் தீபாவளி. பெரும்பாலும் சாதிச் சங்க ஆர்டர்கள், சொல்லப்போனால் அது எனக்கு எரிச்சல்தான். ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடம் கட்டியவரை ஒரு தெருவுக்குள் அடைத்துவிட்டார்கள். அம்பேத்கர் சிலைகளைக் கம்பிக்கூண்டுக்குள் பார்க்கும்போது வருகிற அதே எரிச்சல். அந்தக் கூட்டத்தில் வருஷா வருஷம் ஒரு பெரியவரும் வருவார். மல்லி வத்தல் கமிஷன் கடையில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். எந்தச் சங்கத்திலும் கட்சியிலும் இல்லை. மூன்றுக்கு இரண்டில் ஒரே ஒரு பேனர். காமராஜர் படம், கீழே 'பிறந்த நாள்' என்று மட்டும். பட்டப்பெயர் எதுவும் வேண்டாம், தன் பெயரும் வேண்டாம். அறுபது ரூபாய் பில்லுக்கு ஐம்பதுதான் கொடுப்பார். வருஷம் தவறாமல் அந்தப் பத்து ரூபாய்க்குச் சண்டை நடக்கும்.

ஒரு வருஷம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"தாத்தா, அறுபத்தேழுல ஒங்களுக்கு ஓட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சே. அதான் மொத ஓட்டு."

"யாருக்குப் போட்டீங்க?"

கொஞ்ச நேரம் மானிட்டரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குப் போடல தம்பி. வீட்ல அரிசி இல்ல. ரெண்டு தங்கச்சி, ஒரு தம்பி. கெழங்கும் சோளமும் அவிச்சுத் தின்னுக்கிட்டுக் கெடந்தோம். அவரு டெல்லியில ராசாக்களை உக்கார வச்சிக்கிட்டு இருந்தாரு."

"இப்ப வருத்தமா இருக்கா?"

"தோத்துட்டாருன்னு கேட்டதும் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. எங்க அய்யாவும் சாப்பிடல. அவரும் போடலதான்."

"மறுபடி அதே தேர்தல் வந்தா?"

"அதே அரிசின்னா, அதே ஓட்டுத்தான்" என்றார். பிறகு, "ஓரத்துல வெள்ளை தெரியாம வெட்டச் சொல்லு, போன தடவ ஒரு பக்கம் கோணலாப் போச்சு" என்று ஐம்பது ரூபாய் நோட்டை மேஜைமேல் வைத்தார்.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்த பிறகு, கட்சிகள் எல்லாம் இனி பேனர் வைக்க வேண்டாம் என்று அறிக்கை விட்டன. ஆர்டர் படுத்துவிட்டது, நானும் தொழிலை விட்டேன். அவர் அடுத்த ஜூலைக்கு எங்கே போய் அடித்தாரோ. பத்து ரூபாய்க்கு அங்கேயும் சண்டை போட்டிருப்பார்.