ஈ மனிதனின் மருந்து அலமாரி

அன்புள்ள அக்கா,

போன வாரம் 'தி ஃப்ளை' (1986) பார்த்தேன். வழக்கமான திகில் படம் என்று நினைத்து நண்பர்களோடு உட்கார்ந்தவன், கடைசியில் அழுதுவிட்டேன். கூட இருந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டான். பாதி மனிதன், பாதி மிருகம் என்று வரும் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், எதற்கும் எனக்கு இப்படி ஆனதில்லை. ஒரு ஈ மனிதனுக்காக ஏன் அழுகை வரவேண்டும்? இதெல்லாம் வெறும் அருவருப்பு வியாபாரம் என்று நண்பன் சொல்கிறான். சரிதானா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

அந்தப் படத்தில் குளியலறை மருந்து அலமாரி வருமே, ஞாபகம் இருக்கிறதா? சோதனை இயந்திரத்துக்குள் கூடவே புகுந்த ஈயோடு கலந்து, மெல்ல மெல்ல ஈயாக மாறிக்கொண்டிருக்கும் விஞ்ஞானி சேத் பிரண்டில், தன் உடம்பிலிருந்து உதிர்ந்த காதையும் பற்களையும் தூக்கி எறியாமல் அதற்குள் எடுத்து வைத்திருப்பான். அதற்குத் தன் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் என்று பெயரும் வைத்திருப்பான். எனக்குத் தொண்டை அடைத்தது அந்த இடத்தில்தான்.

என் பெரியப்பாவுக்கு 78 வயதில் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் இறந்த பிறகு பீரோவை ஒழித்தபோது பழைய விபூதி டப்பா ஒன்று கிடைத்தது. திறந்தால் உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் பதினொரு பற்கள். எதற்காக வைத்திருந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தன்னில் ஒரு பகுதி போகிறது, அதைக் குப்பையில் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க் இதைத் தெரிந்தேதான் செய்தார். படம் வெளிவந்த காலத்தில் பலர் அதை எய்ட்ஸின் உருவகமாகப் பார்த்தார்கள். அவரோ நோய், முதுமை என்று எல்லோருக்கும் பொதுவான ஒன்றையே மனதில் வைத்திருந்ததாகச் சொன்னார். அதனால்தான் அவருடைய படத்தில் மாற்றம் அவ்வளவு மெதுவாக நடக்கிறது. முதலில் உடம்பில் புதுத் தெம்பு வருகிறது. காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிக்கிறான். முதுகில் முரட்டு முடி இரண்டு மூன்று முளைக்கிறது. அப்புறம் கண்ணாடி முன் நின்று விரலை அழுத்திப் பார்க்கிறான், நகம் கையோடு வந்துவிடுகிறது. கிறிஸ் வாலஸும் ஸ்டீபன் டுபுயும் இந்த ஒப்பனைக்காக ஆஸ்கர் வாங்கினார்கள். அவர்கள் ஒரே ஒரு அரக்கனைச் செய்து நிறுத்திவிடவில்லை, ஒரு நோயாளியின் ஒவ்வொரு கட்டத்தையும் செய்தார்கள்.

ஜார்ஜ் லாங்கெலான் 1957-இல் எழுதிய சிறுகதைதான் மூலம். அதை வைத்து மறுவருடமே வந்த கர்ட் நியூமன் படத்தில் விஷயம் வேறு. அங்கே எல்லாம் ஒரே நொடியில் முடிந்துவிடுகிறது. விஞ்ஞானிக்கு ஈயின் தலையும் ஒரு கையும், ஈக்கு அவனுடைய தலையும் கையும். அவன் தலையில் கறுப்புத் துணியைப் போட்டு மூடிக்கொண்டு நடமாடுகிறான். பேச முடியாததால் மனைவியிடம் எழுதித்தான் காட்டவேண்டும். மனசும் கைவிட்டுப் போக ஆரம்பிக்கும்போது, மிச்சமிருக்கும் மனிதக் கையால் சாக்பீஸ் பிடித்துக் கரும்பலகையில் அவளை நேசிப்பதாகக் கிறுக்குகிறான். அந்த எழுத்துக்கு முன்னால் ஈத்தலை பெரிய விஷயமாகவே தெரியாது.

இன்னும் பின்னால் போனால், ஹெச். ஜி. வெல்ஸின் 1896 நாவலை வைத்து 1932-இல் எடுத்த 'ஐலண்ட் ஆஃப் லாஸ்ட் சோல்ஸ்'. இது எதிர்த்திசை: மோரோ என்ற மருத்துவன் மிருகங்களை அறுத்து மனிதர்களாக்குகிறான். சிறுத்தையிலிருந்து அவன் உருவாக்கிய பெண்ணின் விரல்களில் நகங்கள் மறுபடி மிருக நகங்களாகிவிடுகின்றன. தோற்றுவிட்டோம் என்று அவன் சலித்துக்கொள்ளும்போது அவள் அழுகிறாள். கண்ணீரைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் மனுஷிதான் என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டதாம்! ஒருத்தி அழுவதைப் பார்த்து ஒருவன் மகிழ்வதைவிடப் பயங்கரமான காட்சியை நான் இந்த வகைப் படங்களில் பார்த்ததில்லை. பிரிட்டன் தணிக்கையாளர்கள் 1958 வரை இந்தப் படத்தை அனுமதிக்கவே இல்லை.

நீங்கள் பார்த்த மற்றப் படங்கள் உங்களைத் தொடாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பல படங்களில் உருவம் மாறிய நிமிடமே மனிதன் காணாமல் போய்விடுகிறான். அப்புறம் அது துரத்தும், நாம் ஓடவேண்டும். உள்ளே ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால்தானே நெஞ்சு பதறும்?

சரி, உங்கள் நண்பரின் அருவருப்புக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஈ மனிதன் உணவின் மேல் வாந்தி எடுத்து, அதைக் கரைத்துச் சாப்பிடுவதைக் காட்டும்போது படம் நம் குமட்டலைத்தான் குறிவைக்கிறது. ஆனால் காது கழன்று விழும் காட்சியைப் பாருங்கள். பயமாக இருக்கிறது என்று அவன் சொல்கிறான். அவன் காதலி வெரோனிகாவுக்கும் நம்மைப் போலத்தான் அருவருக்கிறது, அவள் முகத்திலேயே தெரிகிறது. அந்த அருவருப்போடுதான் போய் அவனைக் கட்டிக்கொள்கிறாள்.

பெரியப்பாவின் கடைசி இரண்டு வருடங்கள் நான் அந்த வீட்டில் தங்கித்தான் கல்லூரிக்குப் போனேன். அவர் சாப்பிடும்போது ரசஞ்சாதம் வாய் ஓரத்தில் வழிந்து சட்டையில் இறங்கும். பார்க்கப் பொறுக்காமல் என் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன். பெரியம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, அதே கையோடு தன் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார். ஒரு நாளும் என்னை எதுவும் சொன்னதில்லை. அந்தத் திண்ணையை நினைக்காமல் என்னால் வெரோனிகாவின் காட்சியைப் பார்க்க முடிவதில்லை.

கடைசிக் காட்சியில் அந்த உருவத்துக்குப் பேச வாய் இல்லை. தரையில் ஊர்ந்து வந்து, அவள் கையிலிருக்கும் துப்பாக்கிக் குழலைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறது. நீங்கள் அழுதது ஈக்காக இல்லை, ர. அந்தக் குழலைப் பிடித்தவன் பிரண்டில்.

1958 படமும் கிடைத்தால் பாருங்கள். நண்பரையும் கூட உட்கார வையுங்கள். கரும்பலகைக் காட்சியில் அவர் என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா