ஆனியில் ஒற்றைப்படைப் பக்கம்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து எட்டு வருடம் ஆகிறது. பொங்கோலில் இருக்கிறோம். ஏப்ரல், மே வந்தால் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். பாட்டி வீட்டுத் திண்ணை, நுங்கு, சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரிப்பது, வாடகை நூலகத்தில் எடுத்து வந்த நாவலை ஒரே மூச்சில் முடிப்பது. கோடை என்றால் எனக்கு அதுதான். இங்கே வருஷம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. பருவமே இல்லாத ஊரில் எதை ரசிப்பது? காலாற நடக்கலாம் என்றால் பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் நனைந்துவிடுகிறது. சாயங்காலம் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் என் ஆறு வயது மகள் என் நிழலை மிதித்து மிதித்துக் குதித்துக்கொண்டே வருவாள். "வெயிலில் என்ன விளையாட்டு, சீக்கிரம் வா" என்று அவளை இழுத்துக்கொண்டு போவதுதான் இப்போது என் நடை. ஜிம்மில் டிரெட்மில்லில் நடந்தபடி ஒலிப்புத்தகம் கேட்கிறேன். அதையும் வாசிப்பு என்று சொல்லலாமா? ஜூன் விடுமுறையில் நானும் மகளும் படிக்கப் பத்துப் புத்தகங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். ஒலிப்புத்தகம் வாசிப்பா இல்லையா என்று எனக்குக் கவலை இல்லை. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கதையைக் காதால்தான் வாங்கினார்கள். யாரும் வந்து ரசீது கேட்கவில்லை. ஜிம்மைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு. ஆனால் சந்தா கட்டுவது நீங்கள், அதனால் வாயை மூடிக்கொள்கிறேன். புத்தகப் பட்டியலுக்குக் கடைசியில் வருகிறேன்.

"பருவமே இல்லாத ஊர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எட்டு வருடம் இருந்திருக்கிறீர்கள். தெம்புசு பூக்கும் நாள்களில் இருட்டியபின் அந்த மரத்தடியில் ஒரு தடவையாவது நின்றிருக்கிறீர்களா? ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து டாலர், நோட்டில் இருக்கிறதே, அந்த மரம். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை விடியலுக்கு முன்னால் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று ஒரு காற்று வந்து ஜன்னலை அறைந்துவிட்டுப் போகுமே, அது டிசம்பர் மழை மாதிரியா இருக்கிறது? டுரியான் கடைகள் நிரம்பி வழிவது எந்த மாதம்? கண்ணையும் மூக்கையும் திருச்சியிலேயே விட்டுவிட்டு வந்தவருக்கு எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், உங்களை மட்டும் திட்டி என்ன பயன்.

வெயில் கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். இந்த ஊரில் இதுவரை பதிவான ஆக அதிக வெப்பம் 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒரு முறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் மறுபடி ஒரு முறை. உங்கள் திருச்சியில் மே மாதம் 40ஐத் தாண்டினால் அது செய்தியே இல்லை. அதில் நுங்கு தின்று வளர்ந்தவர் 33 டிகிரிக்கு ஓடி ஒளியலாமா? சரி, புழுக்கம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். திருச்சி வெயில் சுடும், இங்கே வேகவைக்கும்.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. உங்கள் மகள் நிழலை மிதிக்கிறாள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதற்காக. இரண்டு வாரமாக நான் நிழலைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காரணம் சொல்ல அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கேலாங்கில், ஒரு கடைவீட்டின் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்பா கப்பல் பட்டறையில் சாயம் அடிப்பவர். பள்ளி விடுமுறையில் அவருக்கு ஓய்வு கிடைக்கும் நாள்களில் என்னை ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் இருந்த செங்கல் கட்டட நூலகத்துக்குக் கூட்டிப்போவார். 1960இல் திறந்த கட்டடம், 2004இல் மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்துவிட்டார்கள். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும். நடைதான். பஸ் காசு மிச்சம் என்பது அம்மாவிடம் சொன்ன காரணம். பஸ்ஸில் ஏறினால் அப்பாவுக்குத் தலை சுற்றும் என்பது எனக்குத் தெரிந்த காரணம்.

கேலாங் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுவது. அதன் வடக்கே பிரியும் லோரோங்குகளுக்கு, அதாவது சந்துகளுக்கு, ஒற்றைப்படை எண், தெற்கே பிரிபவற்றுக்கு இரட்டைப்படை எண். அப்பாவுக்கு வடக்கு தெற்கு என்று சொல்லும் வழக்கமே கிடையாது. "ஆனி ஆடியில ஒற்றைப்படைப் பக்கம் நட. மார்கழி தையில இரட்டைப்படைப் பக்கம் நட" என்பார். பஞ்சாங்கத்தில் ஏதோ சகுனம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சகுனமெல்லாம் இல்லை, சூரியன்தான். நாம் பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கிறோம், கிட்டத்தட்ட 137 கிலோமீட்டர் வடக்கே. அதனால் வருஷத்தில் பாதி நாள் சூரியன் நமக்கு வடக்கே போகிறான், பாதி நாள் தெற்கே. ஜூனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் வடக்குப் பக்கம்தான். அப்போது வடக்கு வரிசைக் கடைவீடுகளின் நிழல் அந்தப் பக்கத்து நடைபாதையிலேயே விழும். ஜூன் உச்சிவேளையில் மூன்று மாடி உயரக் கட்டடம் தன் காலடியில் நான்கு மீட்டராவது நிழல் போடும். டிசம்பரில் அப்படியே தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு நிழல் குடிபெயர்ந்துவிடும். மார்ச் கடைசியிலும் செப்டம்பரிலும் சில நாள் நிழல் நம் செருப்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். உங்கள் திருச்சியிலும் சூரியன் வடக்கே போவது உண்டு, ஆனால் சித்திரையிலிருந்து ஆவணி வரை நான்கு மாதம்தான். பாதிக்குப் பாதி பங்கு போடுவது இந்த ஊரில்தான். இதற்குப் பருவம் என்று பெயரில்லை என்றால் வேறு என்ன பெயர்?

"அஞ்சடி இருக்கிறதே, கூரை இருக்கும்போது எந்தப் பக்கம் நடந்தால் என்ன?" என்று கேட்கலாம். கடைவீடுகளின் முன்னால் மூடிய நடைபாதை விட வேண்டும் என்பது 1822லேயே ராஃபிள்ஸ் போட்ட விதி. அதைத்தான் நம் ஆட்கள் அஞ்சடி என்றார்கள். ஆனால் கூரை தலைக்குத்தான். காலை எட்டரை மணிக்கு வெயில் மேலிருந்தா வருகிறது? பக்கவாட்டில் வரும். தவறான பக்கம் நடந்தால் அஞ்சடிக்குள்ளேயே ஒரு கன்னம் மட்டும் கறுத்துப்போகும். அதோடு பாதி அஞ்சடியில் சைக்கிளும் சாமானும் அடைந்து கிடக்கும், நாலு கடைக்கு ஒரு தரம் ரோட்டில் இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

இந்த அறிவு எல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கு ஒரு புகார் உண்டு. 2013இலிருந்து ஐந்து வருடத்தில் எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 200 கிலோமீட்டர் கூரைப்பாதை போட்டார்கள். நல்ல காரியம். என் முழங்காலும் குடையை மறக்கும் என் புத்தியும் அதற்குக் கடமைப்பட்டவை. ஆனால் கூரைக்கு அடியிலேயே வளர்ந்தவனுக்கு இன்றைக்குச் சூரியன் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. இன்னும் தெரிந்தவர்கள் சாலை வேலை செய்யும் நம் தம்பிமார்கள்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குமூஞ்சி மரத்தடியில் அட்டையை விரித்துப் படுப்பார்கள். நிழல் நகர நகர, கண்ணைத் திறக்காமலேயே அட்டையை ஒரு முழம் இழுத்துக்கொள்வார்கள். பார்த்திருக்கிறீர்களா?

அப்பாவும் அப்படித்தான். நூலகத்துக்குள் வரமாட்டார். நான் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் ஃபோர்ட் கேனிங் மேட்டின் அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் தமிழ் முரசை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். நான் வெளியே வரும்போது, விட்டுப்போன இடத்திலிருந்து இரண்டு கஜம் தள்ளிக் கிடப்பார். அவர் எவ்வளவு தள்ளியிருக்கிறார் என்பதை வைத்தே மணி சொல்லப் பழகிக்கொண்டேன். 1982 ஜனவரி முதல் தேதி இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, அதற்கு அப்பா கடைசி வரை பணியவில்லை. இன்றைக்கும் நம் ஊரில் உச்சிவேளை பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணிக்குச் சற்று முன்பின்னாகத்தான் வருகிறது. "உங்க கடிகாரம் பொய் சொல்லுது, என் காலடி சொல்லாது" என்பார்.

நம் இலக்கணக்காரர்கள் ஆறு பெரும்பொழுதோடு ஆறு சிறுபொழுதையும் வைத்தார்கள். பாலைக்கு மட்டும் வேனிலையும் நண்பகலையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார்கள். திருச்சியில் வேனில் என்பது சில மாதம். இங்கே தினமும் பதினொன்றிலிருந்து நான்கு வரை வேனில், அப்புறம் ஒரு மழை அடித்தால் கார்காலம், ஆறு மணிக்குப் பின்னால் வேறொரு ஊர். நடப்பவர்கள் இந்தப் பொழுதைப் பார்த்து நடக்க வேண்டும். நடுப்பகலில் நடந்து பார்த்துவிட்டு ஊரைக் குறை சொல்வது கொதிக்கும் எண்ணெயில் கைவிட்டு வடை சரியில்லை என்பது மாதிரி.

அப்பாவிடம் வருகிறேன். கடைவீடுகள் உள்ளவரை அவர் முன்னால் போவார், நான் பின்னால். காலாங் பாலம் வந்ததும் மாறிவிடுவார். "நீ முன்னால போ" என்று தள்ளிவிட்டுப் பின்னால் வருவார். பாலத்தில் நிழல் கிடையாது. ஆறோ அப்போது நாறும், 1977இல்தான் அதைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். நான் மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கையில் புத்தகத்தைப் பிரித்துப் படித்தபடி நடப்பேன். முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் அவர் செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். படித்துக்கொண்டே போகிறவன் லாரியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் காவல் வருகிறார் என்றுதான் நினைத்தேன். சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும். நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக வருவார், நின்றால் நிற்பார்.

இரண்டு வாரம் முன்பு ஒரு வேலையாக அதே பாலத்தில் காலை ஒன்பது மணிக்கு நகரத்தைப் பார்த்து நடந்தேன். என் நிழல் எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு கிடந்தது. காலையில் மேற்கே போகிறோம், வெயில் முதுகில். சாயங்காலம் கிழக்கே திரும்புகிறோம், அப்போதும் வெயில் முதுகில். போகும்போதும் வரும்போதும் அவர் நிழல் விழுந்த இடத்தில்தான் நான் நடந்திருக்கிறேன். சாயங்காலம் அவர் நேர் பின்னால்கூட வரமாட்டார், ஜூன் மாதம் என்றால் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வருவார். அதற்கும் கணக்கு இருந்திருக்கிறது. பாலத்தின் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சைக்கிளில் வந்த ஒரு பையன் "அங்கிள், ஓகேவா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அடுத்த வாரம் உங்கள் கடிதம் வந்தது.

ஆகவே அந்தக் குழந்தையை இழுக்காதீர்கள் அம்மா. அவள் விளையாடவில்லை என்று சொல்லவில்லை, விளையாடத்தான் செய்கிறாள், ஆனால் இருக்கிற ஒரே நிழலைக் கண்டுபிடித்து அதில் விளையாடுகிறாள். நிழல் முன்னால் விழுந்தால் அவளை முன்னால் விடுங்கள். விடுமுறையில் ஒரு நாள், ஒரு மணிக்கு, புளோக்குக்குக் கீழே வெட்டவெளியில் ஒரு குடைக்கம்பை நட்டு நிழல் விழும் இடத்தில் அவளைச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். டிசம்பர் விடுமுறையில் அதே இடத்தில் இன்னொரு கோடு. துப்புரவுக்கு வருபவர் அழித்துவிடுவார், அதனால் ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்தின் அடித்தளத்துக்குப் போய் தமிழ் அலமாரி முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள், மகள் தன்னுடையதைத் தானே எடுப்பாள். உங்களுக்கு என் சிபாரிசு ஒன்றுதான்: தடிமனான புத்தகமாக எடுக்காதீர்கள். ஒரு கையில் பிடித்துப் படிக்கிற மாதிரி இருக்கட்டும். இன்னொரு கையில் குடை இருக்கும்.