ஆங்கிலப் படம் பார்த்தால் காதுக்கு ஆங்கிலம் பழகுமா?

நூறு படம் பார்த்தும் சப்டைட்டில் இல்லாமல் புரியவில்லை என்கிறீர்கள். படத்தால் காது பழகும். ஆனால் கீழே ஓடும் தமிழைப் படித்தபடி பார்த்தால், நடப்பது வாசிப்புதான். காது சும்மா இருக்கும்.

சிக்கல் பெரும்பாலும் சொல்வளத்தில் இல்லை. தெரிந்த சொற்களே பேச்சில் உருமாறி வருகின்றன. 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று புத்தகத்தில் படித்தது, படத்தில் 'வாட்ச கனடூ' என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். அழுத்தம் விழும் சொல்தான் தெளிவாக ஒலிக்கும். 'டு', 'ஆஃப்', 'அண்ட்' எல்லாம் தேய்ந்துவிடும். நாமும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை 'வந்துட்ருக்கேன்' என்றுதானே சொல்கிறோம்!

அதனால் முழுப் படம் வேண்டாம், இரண்டு நிமிடக் காட்சி போதும். முதலில் எழுத்தில்லாமல் கேளுங்கள். அப்புறம் ஆங்கில சப்டைட்டிலோடு. தவறவிட்ட வரியில் நிறுத்தி, நடிகரின் வேகத்திலேயே சொல்லிப் பாருங்கள். பிறகு எழுத்தை எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளைப் பிடிக்க டச்சு மொழிக்காரர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் உதவியது. தாய்மொழி சப்டைட்டில் குறுக்கே நின்றது.

சண்டைப் படத்தை விட்டுவிடுங்கள், வசனத்தைவிட வெடிச்சத்தம்தான் அதிகம். என் தேர்வு நீதிமன்றக் கதைகள். அங்கே பெரும்பாலும் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் வாய் திறப்பார். நகைச்சுவைப் படம் கடைசிக்கு இருக்கட்டும். சிலேடை புரியாமல் எல்லோரும் சிரித்த பிறகு சிரிப்பது பெரிய கொடுமை.